நூறு கிலோ பாலமும் சர்க்கரை போடாத டீயும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தார். 'இருந்தது' என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணிவிட்டு நிற்கிற ஒருத்தரை அது இது என்று பேச எனக்கு மனசு வரவில்லை. பெயர் மாசிலாமணி. தொழில், மரமேறித் தேன் எடுத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. இந்தக் கடைசி விஷயத்தில்தான் கதையே இருக்கிறது.

மகள் பூங்கோதைக்கு ஆற்றுக்கு அக்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம். கரடிகளின் வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். அங்கே பெண்ணைப் பெற்ற அப்பா, மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்து, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அப்பா இல்லையென்றால் ஊர்ப் பெரியவர் யாராவது செய்யலாம். ஆனால் அப்பா குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தர் செம்பைப் பிடிப்பதா? பூங்கோதை குட்டியாக இருந்து முதுகில் தொற்றிக்கொண்டு வந்த நாளிலிருந்தே மாசிலாமணிக்கு இந்த ஒரு ஆசைதான்.

அக்கரைக்குப் போக ஒரே வழி தொங்குபாலம். ஆற்றில் இறங்கலாமே என்று கேட்காதீர்கள். வெள்ளம் வேறு, முதலை வேறு. பாலத்து முகப்பில் பாலக் கமிட்டி ஒரு பலகை மாட்டியிருந்தது. 'நூறு கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் பாலத்தில் ஏறக் கூடாது.' பலகைக்குக் கீழே ஓர் எடை இயந்திரம். அதற்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட கீரிப்பிள்ளை, பெயர் கதிரேசன். ஏற வருகிறவர்கள் ஒரு படிவத்தை மூன்று பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர், இனம், வாலின் நீளம், அக்கரையில் என்ன வேலை, எப்போது திரும்பி வருவீர்கள், திரும்பாவிட்டால் காரணம். அப்புறம் இயந்திரத்தில் ஏறி நிற்க வேண்டும். அது எடையை அச்சடித்து ஒரு சீட்டைத் துப்பும்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மாசிலாமணி எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஏறி நின்றார். சீட்டு வந்தது. கதிரேசன் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பன்னிரண்டு கிலோவை இங்கே வைத்துவிட்டுப் போக வழியில்லை அண்ணே, இறக்கிவிட்டு வாருங்கள் என்று மரியாதையாகவே சொன்னான்.

மாசிலாமணி இயந்திரத்தை விட்டு இறங்கினார். அன்றைக்கே ஓடினார் நீலாயதாட்சியிடம்.

நீலாயதாட்சி ஒரு கொக்கு. காட்டிலேயே ஒரே உணவு ஆலோசகர். நாள் முழுக்க ஒற்றைக் காலில் நின்று நாலு மீனோடு எழுந்து போகிற உடம்பு, அதனால் எல்லோருக்கும் அவளிடம் நம்பிக்கை. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, இங்கேயும் ஒரு படிவம் நிரப்பி உள்ளே போனார் மாசிலாமணி. என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். கறையான், எறும்பு, நாவல் பழம். அதில் ஒரு குறையும் இல்லை. சரி, என்ன குடிப்பீர்கள் என்றாள்.

டீதான் மேடம், வேறு கெட்ட பழக்கமே கிடையாது என்றார் பெருமையாக.

எத்தனை டீ என்று கேட்டாள். தேன் கொடுக்கப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று, அது பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதுவும் தேன்காரர் வந்திருக்கிறார் என்று கொஞ்சம் தூக்கலாகவே போடுவார்கள். வெயிலுக்கு ஒரு நன்னாரி சர்பத். சாயங்காலம் மந்தியின் கடையில் ஒரு கரும்புச்சாறு, பெரிய கிளாஸ். நீலாயதாட்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க சாப்பிட்டுக் குண்டாகலை சார். குடிச்சே குண்டாகியிருக்கீங்க."

பிறகு விவரமாகச் சொன்னாள். பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். உப்புப் போட்டு நீர்மோர் நல்லது. டீ வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாமல். பால், சர்க்கரை போடாத கடுங்காப்பியில் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, அதிலுள்ள கஃபீன் பசியையும் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும். ஆனால் நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் கூடாது, மத்தியானத்துக்கு அப்புறம் தொடவே கூடாது, தூக்கம் கெட்டால் பசி கூடும்.

இதில் 'ஆனால்' வரைக்கும் மாசிலாமணி காது கொடுத்துக் கேட்டார். சிரிக்காதீர்கள். நம்மில் எத்தனை பேர் அதற்கு மேல் கேட்டிருக்கிறோம்?

முதல் வாரம் அவர் பண்ணிய கூத்தைச் சொல்கிறேன். மந்தியின் கடையில் 'டயட் கரும்புச்சாறு' என்று புதுப் பலகை தொங்கியது. அதில் என்ன டயட் என்று கேட்டதற்கு, ஐஸ் போடவில்லை என்றாள் மந்தி. அவர் இரண்டு கிளாஸ் குடித்தார். வீட்டுக்காரி தைலம்மை டீயில் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி போட்டாள். வெள்ளையாக இருப்பதுதானே கெடுதல், இது கறுப்புதானே என்பது அவள் கட்சி. அப்புறம் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் எடை குறையும் என்று யாரோ சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள், இதைப் போய் ஒரு கரடியிடம் சொல்லியிருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பானைத் தேன் எடுத்து, அதில் இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு, மருந்து மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடித்தார். வாரக் கடைசியில் சீட்டு நூற்றுப் பதின்மூன்று என்றது.

இரண்டாவது வாரம் கடுங்காப்பிக்குத் தாவினார். மூன்று டம்ளரில் பசி கொஞ்சம் தள்ளிப்போகும் என்றால் பதினான்கு டம்ளரில் எவ்வளவு தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டார். காலை, மதியம், இருட்டுகிற நேரம் என்று பாராமல் ஊற்றிக்கொண்டார். கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. தேனடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் தேனீக்களே அவரைப் பார்த்து, இவருக்கு என்ன ஆயிற்று என்று ஒதுங்கின. தூக்கம் சுத்தமாகப் போயிற்று. தூங்காதவனுக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? விழித்த நேரமெல்லாம் பலாப்பழத்தில் கை வைத்தார். சீட்டு நூற்றுப் பதினான்கு.

நீலாயதாட்சி இந்தத் தடவை திட்டியே விட்டாள். காப்பி உங்கள் கொழுப்பைக் கரைக்கவில்லை, தூக்கத்தைக் கரைத்திருக்கிறது, தூக்கம் கெட்டால் பசி கூடும் என்று சொன்னேனா இல்லையா என்றாள். சொல்லியிருந்தாள். 'ஆனால்' என்ற வார்த்தைக்கு அப்புறம் சொல்லியிருந்தாள்.

அன்றோடு மாசிலாமணி திருந்தினார். நான் கேலி பண்ணுகிறேனே தவிர, அந்த மனுஷன் வைராக்கியத்தைக் குறை சொல்ல முடியாது. காலையில் இரண்டே டம்ளர் கடுங்காப்பி, அதைப் பூங்கோதையே போட்டுக் கொடுப்பாள். அப்புறம் தண்ணீர், நீர்மோர், தண்ணீர். மந்தியின் கடைப் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார். நூற்றுப் பத்து ஆனது. நூற்று எட்டு ஆனது. நீங்கள் மட்டும் வரவில்லை என்றால் நான் கழுத்தை நீட்டவே மாட்டேன் அப்பா என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லில் ஓடிக்கொண்டிருந்தது வண்டி.

அப்போது வந்தது பத்திரிகை வைக்கிற வேலை.

அந்தக் காட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்ப முடியாது. உட்கார வேண்டும், ஏதாவது குடிக்க வேண்டும். குடிக்காமல் எழுந்தால், எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டீர்களோ என்று கேட்டு, கல்யாணத்துக்கே வராமல் இருந்துவிடுவார்கள். நாற்பத்து மூன்று வீடு. மாசிலாமணி ஒவ்வொரு வீட்டிலும், குடிக்கிறேன், ஆனால் சர்க்கரை மட்டும் வேண்டாம் என்றார்.

முதலில் காட்டுப்பன்றி வீடு. வீட்டம்மா டம்ளரைப் பாதியில் நிறுத்தினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எத்தனை நாளா இருக்கு அண்ணே?"

அய்யோ, அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா எடைக்காகத்தான் என்றார். எங்கள் வீட்டுக்காரரும் ஆரம்பத்தில் இப்படித்தான் சொன்னார் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பை நிறைய ஆவாரம்பூ கொடுத்தாள். முயல் வீட்டில் பாகற்காய்ச் சாறு. முள்ளம்பன்றி வீட்டில், கால் விரலில் புண் ஏதும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்திமதி. அவர் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, பாவம் மறைக்கிறார், பெண் கல்யாணம் பாருங்கள் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். அவர் இளைக்க இளைக்க அந்தத் தீர்ப்பு உறுதியாகிக்கொண்டே போனது. குண்டாக இருந்தவரை ஒருத்தரும் உடம்புக்கு என்ன என்று கேட்டதில்லை.

யானையார் வீட்டுக்கும் போனார். யானையார் பாலக் கமிட்டித் தலைவர். கல்யாணத்துக்குத் தலைமையும் அவர்தான், பத்திரிகையில் மணமக்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஒரு வாளி டீ வந்தது. சர்க்கரை வேண்டாம் என்றதும் யானையார் குலுங்கிச் சிரித்தார். தனக்கு வாளிக்கு நாலு கைப்பிடி போட்டால்தான் இறங்கும், இந்த டயட்டெல்லாம் சின்ன உடம்புக்காரர்கள் சமாசாரம் என்றார். மாசிலாமணியும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

தவிட்டுக்குருவிகள் ஏழு பேர் அந்தக் காட்டில் உண்டு. ஏழும் எப்போதும் சேர்ந்தே உட்காரும், சேர்ந்தே பேசும். அவற்றின் எடை ஏழுக்கும் சேர்த்து அரைக் கிலோ தேறாது, பாலமும் வேண்டாம், படிவமும் வேண்டாம். ஒரே பறப்பில் செய்தி அக்கரை போய்ச் சேர்ந்தது. பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியாம், உருகி உருகி எலும்பாகிவிட்டாராம், பரம்பரையாக வருமாம்.

மாப்பிள்ளையின் அம்மா அங்கயற்கண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சொல்லி அனுப்பினாள். வியாதி உள்ள குடும்பம் என்று எங்கள் பக்கத்தில் முணுமுணுக்கிறார்கள். அன்றைக்குப் பாலத்து முகப்புக்கு நானே எதிர்கொண்டு அழைக்க வருவேன். நான் கொடுப்பதைச் சம்பந்தி எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்ட வேண்டும். குடித்தால் மேளம் கொட்டும், இல்லாவிட்டால் மன்னிக்க வேண்டும்.

தைலம்மைக்கு உயிர் வந்தது. ஒரு டம்ளர்தானே, கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுங்கள், ஒரு நாள் சர்க்கரையில் என்ன ஆகிவிடப் போகிறது என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நீலாயதாட்சியும் அதையேதான் சொன்னாள். அந்த நேரத்தில் மாசிலாமணி நூற்று ஒன்றில் இருந்தார். கடைசி ஒரு கிலோ ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நாக்கு வறளக் கிடந்தார்.

கல்யாணத்தன்று காலை பாலத்து முகப்பில் நல்ல கூட்டம். பூங்கோதை கூறைப்புடவையில் நின்றாள். மாசிலாமணி தோளில் ஜரிகைத் துண்டு போட்டுக்கொண்டு, மூன்று பிரதி எழுதிக் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தில் ஏறினார். சீட்டு வந்தது.

தொண்ணூற்றொன்பது கிலோ எண்ணூறு கிராம்.

கதிரேசனே கை தட்டினான். பூங்கோதை ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பெற்ற நாளில்கூட அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

அதே நேரம் அங்கயற்கண்ணி அக்கரையிலிருந்து வந்து இறங்கினாள். அவள் கையில் ஒரு பித்தளைச் செம்பு, அதில் ததும்பத் ததும்ப ரோஸ் மில்க். கரையாத சர்க்கரை அடியில் ஒரு விரல் உயரத்துக்கு நின்றது.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. ஊர் வாயை அடைக்கணும்."

தப்பாக நினைக்க அவருக்கு நேரமில்லை. செம்பை வாங்கினார். பூங்கோதையைப் பார்த்தார். மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடித்து, அடியில் இருந்த சர்க்கரையையும் விரலால் வழித்து நக்கிவிட்டுச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆளுக்கு ஒரு ஆவாரம்பூப் பை கொண்டுவந்திருந்தவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு இது போதும், வாருங்கள் சம்பந்தி என்று அங்கயற்கண்ணி முன்னால் நடந்தாள்.

கதிரேசன் லேசாக இருமினான்.

"அண்ணே, நீராகாரம் சாப்பிட்டா மறுபடியும் எடை போடணும். விதி."

மறுபடியும் ஏறினார். நூறு கிலோ முன்னூற்றைம்பது கிராம். துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டால் எடை மாறாது என்பதால் கதிரேசனிடம் கொடுத்துவிட்டு ஏறினார். நூறு கிலோ இருநூறு கிராம். கரடிக்கு அதற்கு மேல் கழற்ற என்ன இருக்கிறது, முடியைத் தவிர? நாவிதரைக் கூப்பிட நேரமில்லை. ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று புதருக்குப் பின்னால் போனார். ஒரு நாள் முழுக்கக் காய்ந்து கிடந்த உடம்பு, ஒரு சொட்டு வரவில்லை. காப்பி குடித்தால் சீக்கிரம் வரும் என்று கேள்விப்பட்டது ஞாபகம் வந்து, கதிரேசனின் பிளாஸ்க்கைப் பார்த்தார். அது உள்ளே போனால் முதலில் இன்னொரு நூற்றைம்பது ஏறுமே அண்ணே, அப்புறம்தானே இறங்கும் என்றான் அவன்.

"தம்பி, அது வெறும் கடுங்காப்பிதானே. கலோரியே கிடையாதே."

"இயந்திரத்துக்குக் கலோரி தெரியாது அண்ணே. நீங்க பச்சைத் தண்ணி குடிச்சிருந்தாலும் இதேதான்."

இரண்டு மாதம் படித்த படிப்பு அந்த இடத்தில் முடிந்தது. அக்கரையிலிருந்து முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று ஆள் விட்டார்கள். பூங்கோதை பாலத்தில் கால் வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மாசிலாமணி அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"போம்மா. அப்பா இறங்கினதும் வந்துடறேன். இருநூறு கிராம்தானே."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தைலம்மையும் போனாள்.

அப்போதுதான் யானையார் பரிவாரத்தோடு வந்தார். தலைவர்கள் எப்போது வருவார்களோ அப்போது வந்தார். கதிரேசன் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். பிறகு இயந்திரத்தைப் பார்த்தான், சுற்றிலும் பார்த்தான், தன் கையில் இருந்த மாசிலாமணியின் ஜரிகைத் துண்டை உதறி விரித்து இயந்திரத்தை அழகாக மூடினான். படிவத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. யானையார் பாலத்தில் ஏறினார். பாலம் முனகியது, தொய்ந்து ஆற்றைத் தொட்டது, முதலைகள் பயந்து ஓடின. ஆனால் அறுந்து விழவில்லை. நடுப் பாலத்தில் யானையார் நின்று திரும்பினார். மாசிலாமணி, நீ வரவில்லையா, ரொம்ப இளைத்துவிட்டாயே, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாசிலாமணி பலகையைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பாலம் நூறு கிலோதானே தாங்கும்?"

"தாங்காதுன்னு யாருண்ணே சொன்னா? ஏறக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு" என்றான் கதிரேசன்.

அக்கரையில் கெட்டிமேளம் கொட்டியது. சிறிது நேரத்தில் தவிட்டுக்குருவிகள் ஏழும் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லின. அப்பாவுக்குப் பதிலாக யானையார்தான் தாரை வார்த்தாராம். செம்பு சிறிசாக இருக்கிறது என்று தும்பிக்கையாலேயே ஊற்றினாராம், பெண்ணும் மாப்பிள்ளையும் தொப்பலாக நனைந்துவிட்டார்களாம். தலைவர் கையால் நடந்ததில் சம்பந்தி வீட்டாருக்குத் தலைகால் புரியவில்லையாம். பெண் மட்டும் கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

மாசிலாமணி அழுதார். கதிரேசன் இயந்திரத்தின் மேல் இருந்த துண்டை எடுத்து மடித்து, அவரிடமே கொடுத்தான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவன் என்ன செய்வான், பாவம், பிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றினான். உங்களுக்குச் சர்க்கரை கிடையாதே அண்ணே என்று நீட்டினான்.

"போடு" என்றார் மாசிலாமணி.

எத்தனை ஸ்பூன் என்று கேட்டான்.

"நாலு கைப்பிடி."

நீதி: எடை குறைய வேண்டுமென்று பானத்தில் சர்க்கரையைக் குறைப்பவர்களுக்கு எடை குறையும், அவ்வளவுதான் கிடைக்கும். பாலம் ஏற வேண்டியவர்கள் இயந்திரத்தை மூட ஆள் வைத்துக்கொள்ளவும். அதற்கு வசதியில்லாதவர்கள் நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போகவும், பெரியவர்களுக்கு உதவும்.